தமிழ்99-இல் நாள் முழுக்க டைப் செய்ய எந்த மெக்கானிக்கல் கீபோர்டு? வலது மணிக்கட்டு ஓரம் வலிக்கிறது

மெய்ப்பு_மேசை:

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டைப் செய்கிறேன். புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒன்பது, பத்து மணி நேரம்கூட ஆகும். 12 வருடமாகத் தமிழ்99 விசைப்பலகை முறைதான், விசையைப் பார்க்காமலே அடிப்பேன்.

நான்கு மாதமாக வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் வலி. காலையில் இருக்காது. மதியம் மூன்று மணிக்கு மேல் மெல்லத் தொடங்கும், ராத்திரி ஈரத்துணியைப் பிழிய முடியாது. போன வாரம் முறுக்கு பிழிய உட்கார்ந்தேன். நான்கு சுற்றுக்கு மேல் முடியவில்லை, உரலை மாமியார் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். மரத்துப்போவது, எறும்பு ஊர்கிற மாதிரி இருப்பது எதுவும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு நரம்பில் ஒன்றுமில்லை, தசைநாண்தான் உளைகிறது என்றார். பிசியோதெரபி பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், செய்கிறேன். "டைப் அடிப்பதைக் குறையுங்கள்" என்றும் சொன்னார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் எங்கே குறைப்பது?

இப்போது இருப்பது ஒரு லேப்டாப், அதில் செருகிய 500 ரூபாய் ரப்பர் கீபோர்டு. நம்பர் பேட் உள்ள பெரியது. அழுத்தினால் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும். சாப்பாட்டு மேசையில்தான் வேலை. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

மெக்கானிக்கல் வாங்கினால் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். கடையில் சிவப்பா, பழுப்பா, நீலமா என்று கேட்டார்கள், ஏதோ புடவைக் கடை மாதிரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் அதே அறையில் தூங்குவான், அதனால் சத்தம் ஆகாது. 7,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். என் தம்பி வேறு, இரண்டாகப் பிளந்த கீபோர்டு வாங்கு என்கிறான். அது தமிழுக்குச் சரிப்படுமா?

—

சத்தமில்லா_சிவப்பு:

அக்கா, மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனியாக ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கும். நிறம் என்பது அந்தச் சுவிட்சின் குணம். செர்ரி என்ற ஜெர்மன் கம்பெனி வைத்த பழக்கம், மற்றவர்களும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகிறார்கள்.

சிவப்பு: தடையே இல்லாமல் நேராக இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தினால் 2 மில்லிமீட்டரில் எழுத்து விழும், முழு ஆழம் 4 மில்லிமீட்டர். பழுப்பு: பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டும், அந்த மேட்டைத் தாண்ட 55 கிராம். நீலம்: மேடும் உண்டு, 'டிக்' என்று சத்தமும் உண்டு, 60 கிராம். உங்கள் வீட்டில் நீலம் வாங்கினால் பையன் தூங்க மாட்டான், அத்தோடு அது முடிந்தது.

உங்கள் ரப்பர் கீபோர்டில் கிட்டத்தட்ட அடிவரை அமுக்கினால்தான் எழுத்து வரும். மெக்கானிக்கலில் பாதியிலேயே வந்துவிடும். மிச்சப் பாதி உங்கள் விரல் சும்மா செய்கிற உபரி வேலை. வித்தியாசம் அங்கேதான்.

என் ஓட்டு சைலன்ட் ரெட். அதே 45 கிராம்தான், உள்ளே சின்ன ரப்பர் மெத்தை வைத்திருப்பதால் சத்தம் அடங்கிவிடும். நம்பர் பேட் இல்லாத டிகேஎல் அளவு. சுவிட்சைக் கழற்றி மாட்டுகிற ஹாட் ஸ்வாப் வகையாகப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் சுவிட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், போர்டு அப்படியே இருக்கும். விசையின் மேல்மூடியான கீகேப்பை பிபிடி பிளாஸ்டிக்கில் கேளுங்கள். ஏபிஎஸ் என்றால் ஆறு மாதத்தில் எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும்.

—

யளனகபக:

பாளையங்கோட்டைத் தங்கச்சிக்கு வணக்கம். நான் சிவகாசி. 26 வருடமாக டிடிபி, அதாவது அச்சுக்குக் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை. 1989-இல் டைப்ரைட்டிங் லோயர், மறு வருடம் ஹையர், இரண்டும் தமிழில். இன்றைக்கும் பழைய தட்டச்சு முறையில்தான் அடிக்கிறேன், அதனால் தமிழ்99 பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. மணிக்கட்டு பற்றிப் பேசலாம், அதில் அனுபவம் நிறைய.

தம்பி சொன்ன சுவிட்ச் கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 7,000 ரூபாயை வெளியே எடுப்பதற்கு முன்னால் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை விலாவோடு சும்மா தொங்கவிட்டு மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம்? அப்புறம் தரையிலிருந்து கீபோர்டின் நடுவரிசை எவ்வளவு? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கீபோர்டு அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் பாதகமில்லை, உயர்ந்திருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசை என்கிறீர்கள், ஐந்தடி ஒரு அங்குலம் என்கிறீர்கள். எனக்கு அளவு பார்க்காமலே தெரிகிறது. இருந்தாலும் அளந்து சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் நானே ஏமாந்தவன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டுவிட்டால் கார்த்திகை வரை நிமிர நேரமிருக்காது. தினசரித் தாள் காலண்டர் என்றால் 365 தாளுக்கும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், திதி, நட்சத்திரம். அந்த வருடம் புரட்டாசி வாக்கில் வலது கை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எல்லோரும் சொன்னார்கள் என்று டிவிஎஸ் கோல்ட் வாங்கினேன். செர்ரி நீல சுவிட்ச் போட்டது. வங்கியில், பதிவு அலுவலகத்தில் எல்லாம் டக்டக் என்று கேட்குமே, அதே கீபோர்டு. முதல் நாள் அடித்தபோது இன்ஸ்டிட்யூட்டுக்கே திரும்பிப் போன மாதிரி கண் கலங்கிவிட்டது. அருமையான பொருள், இன்றைக்கும் என் மேசையில் அதுதான். ஆனால் கைவலி அப்படியே இருந்தது. இரண்டு வாரத்தில் இன்னும் கொஞ்சம் கூடவும் செய்தது.

காரணத்தை எங்கள் பழைய டைப்ரைட்டிங் மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். ஏதோ கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர், நான் அடிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னடா, மணிக்கட்டை மேசையில் படுக்கப் போட்டிருக்கிறாய்?" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் மர ஸ்கேலோடு பின்னால் நிற்பார். யளனகபக, யளனகபக என்று அடித்துக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டு தொங்கினால் கீழேயிருந்து ஒரு தட்டு விழும். மெஷின் வைத்த மேசை படிக்கிற மேசையைவிடத் தாழ்வாக இருக்கும், அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கை மிதந்துகொண்டேதான் அடிப்போம். இன்னொன்று, ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடிக்கும், இடது கை எழுந்துபோய், தாள் சுற்றிய உருளையைத் தாங்கும் கேரேஜைத் தள்ளிவிட்டு வரும். பக்கம் முடிந்தால் தாளை உருவ வேண்டும். கணினியில் கை எழுந்திருக்கக் காரணமே கிடையாது, விட்டால் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் கிடக்கும்.

என் மேசை 30 அங்குலம். முழங்கை 27. ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக் காலில் மூன்று அங்குலம் அறுத்தேன். கீபோர்டின் பின்னால் இரண்டு சின்னக் கால் இருக்கும் பாருங்கள், நிமிர்த்தி வைத்தால் சாய்வாக நிற்குமே, அதை மடக்கினேன். நிமிர்த்தினால் மணிக்கட்டு பின்பக்கமாக ஒடிந்தபடியே நிற்கும். எழுத்தைப் பார்த்து அடிப்பவர்களுக்கு அது உதவும், பார்க்காமல் அடிப்பவர்களுக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. மெக்கானிக்கல் கீபோர்டு உங்கள் ரப்பர் கீபோர்டைவிட உயரமாக இருக்கும், முன் விளிம்பே பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரும். அதையும் நிமிர்த்தி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

மௌஸ் விஷயம். எனக்கு நம்பர் பேட் இல்லாமல் பிழைப்பில்லை, ராகு காலம் 7.30-9.00 என்று நாள் முழுக்க எண்தான். அது கீபோர்டின் வலது ஓரத்தை அடைத்துக்கொண்டு மௌஸை ஒரு சாண் தள்ளிவிடுகிறது. கை எட்டி எட்டிப் போய் தோள் வரை இழுக்கும். அதனால் மௌஸை இடது கைக்கு மாற்றிவிட்டேன். முதல் வாரம் கட்டிங், பேஸ்டிங் எல்லாம் சின்னப் பிள்ளை கோலம் போட்ட மாதிரி இருந்தது. இப்போது வலது கையில் மௌஸ் கொடுத்தால்தான் தடுமாறுகிறேன். உங்களுக்கு நம்பர் பேட் தேவையில்லை என்றால் தம்பி சொன்னபடி அது இல்லாததை வாங்குங்கள், மௌஸ் பக்கத்தில் வந்துவிடும்.

கீபோர்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பெரிய கீபோர்டு சுமார் 44 சென்டிமீட்டர் அகலம். எல்லோரும் அதன் நடுவை மேசைக்கு நடுவாக வைப்பார்கள். ஆனால் எழுத்துகளின் நடு இடப்பக்கம் இருக்கிறது. இங்கிலீஷ் ஜி-யும் ஹெச்-சும் சேருகிற இடம் உங்கள் தொப்புளுக்கு நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கையும் இடது பக்கம் சாய்ந்தே வேலை செய்யும்.

கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற மெத்தை பற்றியும் கேட்பீர்கள். அது அடிக்காமல் யோசிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்த்துக்கொள்ள. அடிக்கும்போது மணிக்கட்டை அதில் ஊன்றினால் மாஸ்டர் ஸ்கேலோடு வருவார்.

—

மெய்ப்பு_மேசை:

அண்ணாச்சி, அளந்தேன். மேசை 30 அங்குலம், கீபோர்டு அதற்கு மேல் ஒன்று, ஆக 31. நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கை 26 அரை. நாலரை அங்குல வித்தியாசம்! இத்தனை வருடம் தோளைத் தூக்கிக்கொண்டு, முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி விரித்துக்கொண்டுதான் அடித்திருக்கிறேன். இன்றைக்கு என் பையன் போனில் வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் தெரிகிறது.

மேசைக் காலை அறுக்க முடியாது. அது மாமியார் சீராகக் கொண்டுவந்த தேக்கு மேசை. அறுத்தால் வலி மணிக்கட்டில் நிற்காது.

—

யளனகபக:

சரி, மேசை இறங்காது, நீங்கள் ஏறுங்கள். நாற்காலியில் பஞ்சுத் தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள், கெட்டியாக நிற்கும். மூன்று அங்குலமாவது ஏறுங்கள். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் தொடை மரத்துப்போகும், அதற்கு ஒரு மணைப் பலகையைக் காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்தானே?

—

இரண்டு_துண்டு:

அக்கா, உங்கள் தம்பி சொன்ன பிளவு கீபோர்டு பற்றி நான் பேசலாம், பணம் கட்டிப் படித்த பாடம். தரமணியில் மென்பொருள் வேலை, வீட்டுக்கு வந்தால் தமிழில் எழுதுவேன், நானும் தமிழ்99.

தமிழ்99-இன் அமைப்பை ஒரு தடவை விரல் வாரியாக யோசித்துப் பாருங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். கை மாறி மாறி அடிப்பதால் வேகம் வரும். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாம் தானாகவே சேரும். கிரந்த எழுத்தோ ஆய்தமோ வந்தால்தான் ஷிஃப்ட். மிக அழகான யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 18 மெய்யில் வ, ங தவிர எல்லாம் வலது பக்கம் போனதால் வலது சுண்டுவிரலுக்கு என்ன விழுந்தது தெரியுமா? ந, ய, ண, ச, ஞ, ழ. ஆறு எழுத்து. இங்கிலீஷ் அடிப்பவருக்கு அந்த விரலில் பி ஒன்றுதான், மற்றதெல்லாம் குறிகள். "நான் சென்னையில் இருந்து வந்தேன்" என்று அடித்துப் பாருங்கள். இடைவெளியை விட்டால் 25 அடி. அதில் 5 வலது சுண்டுவிரல்: ந, ச, ய, ந, ந. இதோடு பேக்ஸ்பேஸும் என்டரும் அதே விரலுக்கு. ச-வும் ஞ-வும் மேல் வரிசையில், பி-யையும் தாண்டி வெளியே இருக்கின்றன. அங்கே போகச் சுண்டுவிரலை நீட்டும்போது மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிகிறது, விசிறி வீசுகிற மாதிரி. உங்கள் வலி எந்த ஓரத்தில் என்று சொன்னீர்களோ, அதே பக்கம்தான் ஒடிவதும். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டரிடம் இதைச் செய்து காட்டுங்கள்.

என் கதை. போன வருடம் 42 விசை கொண்ட ஒரு பிளவு கீபோர்டை உதிரியாக வாங்கி நானே பற்றவைத்தேன். மூன்று ராத்திரி, விரலில் இரண்டு கொப்புளம். செருகி, தமிழை மாற்றி, 'சரி வேலை செய்கிறது' என்று அடிக்கலாம் என்று உட்கார்ந்தால், ச எங்கே? அந்த மாதிரிச் சின்ன போர்டில் ஒவ்வொரு கைக்கும் ஆறு நெடுவரிசைதான். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் கிடையாது. இங்கிலீஷ்காரருக்கு அது எப்போதோ வருகிற குறி, கட்டைவிரலால் இன்னொரு விசையை அமுக்கிக்கொண்டு அடித்தால் போதும். நமக்கு அது ச-வும் ஞ-வும். சாப்பாடு, சம்பளம், செய்தி, சனிக்கிழமை எதற்கும் இரண்டு விசை. ஒரு மாதம் பிடிவாதமாகப் பார்த்தேன். அப்புறம் அதை ஆபீஸில் நிரல் எழுத மட்டும் வைத்துக்கொண்டேன்.

எனவே பிளவு வாங்கினால் வலது பாதியில் அந்த ஆறு விசையும் தனித்தனியாக இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து எண்ணிவிட்டு வாங்குங்கள். கீக்ரான் கியூ11 போலச் சாதாரணக் கீபோர்டை நடுவில் அறுத்த மாதிரி இருப்பவற்றில் இருக்கும், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் வராது. பிளக்காமலே வாங்கினாலும், எழுத்தும் எண் வரிசையும் மட்டும் உள்ள 60 சதவீதம் என்கிற சின்ன அளவு வரை அந்த ஆறும் இருக்கும். அதைவிடச் சின்ன 40 சதவீதம் என்றால் ஓடிவிடுங்கள்.

காசு செலவில்லாத இரண்டு வேலை உண்டு. ச, ஞ அடிக்கும்போது விரலை மட்டும் நீட்டாதீர்கள், முழங்கையிலிருந்து கையையே நகர்த்துங்கள். ச-வை மோதிர விரலால் அடித்தாலும் குற்றமில்லை, எந்த மாஸ்டரும் பார்க்கப் போவதில்லை (அண்ணாச்சி மன்னிக்கவும்). அடுத்தது, கேப்ஸ் லாக்கை பேக்ஸ்பேஸாக மாற்றுங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் மென்பொருளைப் போட்டால் இப்போதிருக்கிற கீபோர்டிலேயே முடியும். தமிழில் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லை, நல்ல இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலை முழுக்க இடது கைக்குப் போய்விடும்.

—

அம்மா_இங்கே:

நடுவில் நுழைகிறேன். நான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிற ஆள். எனக்கு இடது சுண்டுவிரல்தான் வலிக்கிறது. அதற்கும் இதே வைத்தியமா?

—

இரண்டு_துண்டு:

உங்களுக்கு வில்லன் ஷிஃப்ட். ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்து வேண்டுமே. "வணக்கம்" தமிழ்99-இல் 6 அடி: வ, ண, க, க, ம, புள்ளி. உங்கள் முறையில் ஷிஃப்டோடு 9. வலது பக்க எழுத்துக்கு இடது ஷிஃப்ட், இடது பக்க எழுத்துக்கு வலது ஷிஃப்ட் என்று பழகுங்கள். ஒரே கையில் ஷிஃப்டையும் எழுத்தையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கையை முறுக்கும். அல்லது ஒரு மாதம் அவஸ்தைப்பட்டுத் தமிழ்99-க்கு வந்துவிடுங்கள், வலியை வலது கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

—

சத்தமில்லா_சிவப்பு:

சுண்டுவிரல் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நான் இங்கிலீஷ் மட்டும் அடிக்கிறவன். இதைக் கேட்டதும் ஒன்று ஞாபகம் வந்தது. ஜப்பானில் டோப்ரே கம்பெனியின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டில் விரலுக்கு ஏற்ற எடை போட்ட வகை ஒன்று உண்டு. சுண்டுவிரல் விசைக்கு 30 கிராம், மற்றவை 45, எஸ்கேப் மாதிரி சிலது 55. விலை நமக்கு எட்டாது. ஆனால் ஹாட் ஸ்வாப் போர்டு இருந்தால் அதே தந்திரத்தை நாமே செய்யலாம். போர்டு முழுக்க பழுப்பு, அந்த ஆறு விசைக்கு மட்டும் 35 கிராம் லீனியர் சுவிட்ச், அதாவது சிவப்பைப் போல மேடில்லாமல் நேராக இறங்குவது. உதிரியாகப் பத்து வாங்கினால் போதும். வாங்கும்போது போர்டு 3 முள்ளா 5 முள்ளா என்று பாருங்கள். 5 முள் சுவிட்சை 3 முள் போர்டில் போட இரண்டு பிளாஸ்டிக் முள்ளை நகவெட்டியால் வெட்ட வேண்டும்.

முழுக்க சிவப்பு என்று முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ரப்பரில் 12 வருடம் அடித்த கை, அடிவரை குத்தித்தான் பழகியிருக்கும். சிவப்பில் எங்கே எழுத்து விழுந்தது என்று விரலுக்குத் தெரியாது, அதனால் குத்துவது தொடரும். பழுப்பின் மேடு அதையாவது சொல்லும். சொன்னாலும் பாதிப் பேர் கேட்காமல் குத்துவார்கள், நான் உட்பட.

—

யளனகபக:

மோதிர விரலால் ச அடிப்பதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

—

மெய்ப்பு_மேசை (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், அப்படியே கணக்கும் கொடுத்துவிடுகிறேன்.

முதல் மூன்று வாரம் கீபோர்டே வாங்கவில்லை. நான்காக மடித்த ஜமுக்காளம் நாற்காலியில், மணைப் பலகை காலடியில். மணையில் கால் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்கிறாளே என்று மாமியார் முதலில் முகம் சுளித்தார், இப்போது டிவி பார்க்கும்போது அதை அவர் எடுத்துக்கொள்கிறார். நாலரை அங்குல வித்தியாசம் ஒன்றரை ஆனது. நம்பர் பேட் கீபோர்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தினேன். கேப்ஸ் லாக் பேக்ஸ்பேஸ் ஆனது. இரண்டு நாள் பழைய ஞாபகத்தில் வலது பக்கமே போனேன், அப்புறம் பேக்ஸ்பேஸ் கீகேப்பைப் பிடுங்கிவிட்டேன். மூன்றாம் நாளே பழகிவிட்டது. ரப்பர் கீபோர்டை வைத்துக்கொண்டே மூன்று மணி வலி ஆறு மணிக்குத் தள்ளிப்போனது. வரிக்கு வரி மணி அடிக்க ஆளில்லை என்பதால், போனில் 25 நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். அடித்ததும் எழுந்துபோய் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவி வைப்பேன். கீபோர்டு வாங்கப் போய் சமையலறை சுத்தமானதுதான் மிச்சம்.

நான்காம் வாரம் ஹாட் ஸ்வாப் டிகேஎல் ஒன்று, பழுப்பு சுவிட்ச், 5,800 ரூபாய். உதிரிச் சுவிட்ச் பத்து தனியாக. கடையில் அடித்துப் பார்க்க விடவில்லை, அட்டையைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். நம்பி வாங்கினேன். சேற்றிலிருந்து காலை எடுத்துத் திண்ணையில் வைத்த மாதிரி இருக்கிறது. மௌஸ் பக்கத்தில் வந்தது பெரிய நிம்மதி.

இலேசான சுவிட்ச் கதைதான் கொஞ்சம் சிக்கலானது. ஆறு விசைக்கும் மாற்றினேன். முதல் நாள் சொர்க்கம். மறுநாள் ஒரு நாவலின் கோப்பை அனுப்பிவிட்டுத் திருப்பிப் படித்தால் 'ந்நாள்', 'ந்நீர்', 'ந்நான்' என்று நான்கு இடம். நடுவரிசையில் சுண்டுவிரல் சும்மா உட்காரும் இடம் ந. யோசிக்கும்போது விரலின் எடைக்கே 35 கிராம் சுவிட்ச் இறங்கிவிடுகிறது. மறுபடி ந அடித்தால் தமிழ்99 உடனே புள்ளி வைத்துவிடுகிறது. மெய்ப்புப் பார்ப்பவளுக்கே மெய்ப்புப் பிழை, வெளியே சொல்லக்கூட முடியவில்லை. ந-வுக்கு மட்டும் பழுப்பைத் திரும்பப் போட்டேன். ச, ஞ, ண, ய, ழ ஐந்தும் இலேசாகவே இருக்கின்றன. அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. தமிழ்99-இல் இப்படி மாற்ற நினைப்பவர்கள் ந-வைத் தொடாதீர்கள்.

ச-வை மோதிர விரலுக்கு மாற்ற முயன்று தோற்றேன். 12 வருடப் பழக்கம் விடவில்லை. கையை மொத்தமாக நகர்த்துவது பாதி நேரம் ஞாபகம் இருக்கிறது.

வலி முழுக்கப் போகவில்லை. ஒன்பது மணி நேரம் அடித்த நாளில் எட்டிப் பார்க்கும். டாக்டரிடம் மணிக்கட்டு ஒடிவதைச் செய்து காட்டினேன், அவர் அந்தப் பயிற்சியில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். துணி பிழிகிறேன். முறுக்கு இன்னும் முயன்று பார்க்கவில்லை.

—

யளனகபக:

மகிழ்ச்சி தங்கச்சி. எல்லாம் சொன்னீர்கள். கீபோர்டின் பின் காலை மடக்கினீர்களா? அதைப் பற்றிப் பேச்சே இல்லையே.

—

மெய்ப்பு_மேசை:

அண்ணாச்சி, இப்போதுதான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்துதான் இருந்தது. மடக்கிவிட்டேன்.